நெடுந்தீவிலிருந்து ஒரு ரிப்போட்டுக்காக

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே தேடும் பாப் பரிசோதனைக்கு இலங்கை அரச கிளினிக்குகளில் காசு இல்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் 1996 முதல் நடந்துவரும் வெல் வுமன் கிளினிக்குகளுக்கு, முக்கியமாக 35 வயதை எட்டிய பெண்களை அழைக்கிறார்கள். கருப்பைக் கழுத்திலிருந்து சில கலங்களை வழித்தெடுத்து, கண்ணாடித் தட்டில் பூசி, ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். சில நிமிட வேலை. கொஞ்சம் அசௌகரியம், பலருக்குப் பெரிய கூச்சம்.

செலவு தொடங்குவது ரிப்போட் வந்த பிறகுதான். நெடுந்தீவுப் பெண் ஒருவரை மேலதிகப் பரிசோதனைக்கு வரச்சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலைப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவு, வேலணை ஊடாக யாழ்ப்பாணத்துக்குப் பஸ். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை என்றால் காங்கேசன்துறை வீதியில் இன்னொரு பஸ். பின்னேரப் படகு தவறினால் இரவுக்குச் சொந்தக்காரர் வீடு. துணைக்கு வருபவரின் நாட்கூலியும் போய்விடும். தெல்லிப்பழைக்குப் போகிறேன் என்றால், துர்க்கை அம்மன் கோயிலுக்கா ஆஸ்பத்திரிக்கா என்று அடுத்த கேள்வி வரும். மகளுக்குக் கலியாணம் பேசுகிற வீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது லேசல்ல.

முன்பு இதைவிட மோசம். பலர் சிகிச்சைக்குக் கொழும்புப் பக்கம் மகரகம வரை போனார்கள். 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்த ட்ரெயில் நிதிசேர் நடைபயணத்தில் சேர்ந்த பணத்தில்தான் தெல்லிப்பழையில் ட்ரெயில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அது பெரிய உதவி. ஆனாலும் தீவுக்காரருக்கு நடுவில் கடல் இருக்கிறது.

இத்தனை அலைச்சலும் பெரும்பாலும் புற்றுநோய் இல்லாத ஒருவருக்கு. பாப்பில் மாற்றம் தெரிந்தால் புற்றுநோய் என்று பொருளல்ல. லேசான மாற்றங்களில் பெரும்பாலானவை தாமாகவே மறைந்துவிடும். கலங்கள் போதாமல் திரும்ப எடுக்கவேண்டி வருவதும் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் இடைப்பட்ட நாட்களில் நித்திரையாவது வரும். விளக்கமில்லாமல் "திரும்ப வாங்கோ" என்று துண்டு கொடுத்து அனுப்புவது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

இந்தப் பாரத்தைக் குறைக்க வழி உண்டு. தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற தாதியர் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பைக் கழுத்தில் வினாகிரியின் அமிலத்தை நீர்க்கச்செய்து தடவிப் பார்த்தார்கள். மாற்றமுள்ள இடம் சற்று நேரத்தில் வெளிறித் தெரியும். ரிப்போட்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. தகுந்தவர்களுக்கு உறையவைக்கும் சிகிச்சையையும் தாதியரே செய்தார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. ஒரு குறை: வெளிறுவதெல்லாம் ஆபத்தானதல்ல, தேவையில்லாமல் சிகிச்சை பெறுபவர்கள் கூடுவார்கள்.

அதைவிட நுட்பமானது, இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸின் டி.என்.ஏ.யைத் தேடும் பரிசோதனை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதையே முதல் தெரிவாகப் பரிந்துரைத்தது. மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கலாம். வைரஸ் இல்லையென்றால் ஐந்து முதல் பத்து வருடங்களுக்கு மறுபரிசோதனை தேவையில்லை. கூச்சம், பயணம், கூலியிழப்பு மூன்றையும் ஒருசேரக் குறைப்பது இதுதான். தீவுகளுக்குத்தான் இது முதலில் வரவேண்டும். வைரஸ் இருப்பவர்களுக்குச் சோதனையையும் சிகிச்சையையும் ஒரே நாளில் முடித்து அனுப்பும் ஒழுங்கும் வேண்டும்.

ஆனால் எல்லாப் பரிசோதனையும் இப்படிப் பயன் தருவதில்லை. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் காசில் முழு உடற்பரிசோதனை செய்துகொள்பவர்களுக்கு வேறொரு செலவு காத்திருக்கிறது. தென்கொரியாவில் கழுத்து ஸ்கான் பரவலான பிறகு, 2011இல் தைரொயிட் புற்றுநோய் 1993ஐப் போல 15 மடங்கு பதிவானது. இறப்போ அப்படியே இருந்தது. ஒருபோதும் தொல்லை தந்திராத கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் சுரப்பியை இழந்து, ஆயுள் முழுக்க மாத்திரைக்கு ஆளானார்கள். அறிகுறி எதுவும் இல்லாத உங்களிடம் கழுத்து ஸ்கான் எடுக்கச் சொன்னால், கட்டி தெரிந்தால் என்ன செய்வீர்கள், அதனால் என் ஆயுள் கூடுமா என்று டொக்டரிடம் முதலில் கேளுங்கள்.