நீர்ப்பறவையும் மறைவிடமும்

ஐப்பசி மழை ஓய்ந்ததும் பாலக்காட்டு ஏரிகளில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடதிசைக் குளிர்நாடுகளிலிருந்து வந்து இறங்குவதை நம் இல்லத்தார் அறிவர். சென்ற ஆண்டு அணைக்கட்டொன்றின் ஓரத்தில் நம்மவர் பிள்ளைகள் இருவர் புதர்களை வெட்டி மறைப்புக் கட்டிக் கண்ணி வைத்தனர். வனக்காவலர் கண்டுகொண்டார். விளையாட்டாகச் செய்தோம் என்ற சொல் எடுபடவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. ஒருவனுக்குக் கைகூடவிருந்த உத்தியோகமும் நின்றுபோயிற்று. ஊரில் தாத்தா நாரை சுட்ட கதையைப் பெருமையாகச் சொல்லி வளர்த்தவர்கள் நாமே. ஆகையால் பழியில் நமக்கும் பங்குண்டு.

அந்நாளில் வேட்டை பெருமையாக இருந்தது மெய்தான். இராஜஸ்தானத்துப் பரத்பூரில் 1938 நவம்பர் 12 அன்று, வைசிராய் லின்லித்கோ பிரபுவின் வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்ந்தன. அக்கணக்கு அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளது. இன்றோ அவ்விடம் பறவைகளின் தேசியப் பூங்கா. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்திற்று. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்தது. கண்ணி வைத்தலும், இரையிட்டு ஈர்த்தலும், முட்டையைச் சிதைத்தலும்கூடச் சட்டத்தின் கண்ணில் வேட்டையே.

அமெரிக்காவில் 1934 முதல் வழங்கும் வாத்து முத்திரைத்தலையை வாங்கி, விதிப்படி மறைவிடம் அமைத்து வாத்து சுடுகின்றனர். அங்குள்ள உறவினர் அனுப்பும் படங்களைக் கண்டு இங்கே முயலலாகாது.

ஆயினும் பறவையைக் காண மறைவிடம் தேடுவது குற்றமன்று. அதற்குச் சில முறைகள் உண்டு. நிலம் எந்த இலாகாவினுடையதோ அதனிடம் முதலில் அனுமதி பெறுக. தேக்கடி, பறம்பிக்குளம் போன்ற புலிகள் காப்பகங்களுள் அனுமதியின்றி நுழைதலே தவறு. பச்சைக் கிளையை வெட்டாது, பழைய பாயும் உலர்ந்த ஓலையும் கொண்டு கட்டுக. பறவைகள் வருமுன்பே கட்டி முடிக்க. கூடுகளுக்கு அருகே கட்டற்க. நாள்தோறும் கயிற்றையும் கழியையும் சோதிக்க. பொதுநிலத்தில் கட்டியதை எனது இடம் என்று உரிமை கொண்டாடற்க. பருவம் முடிந்ததும் ஆணி, கம்பி ஒன்றும் எஞ்சாமல் பிரித்தெடுக்க.

வேடந்தாங்கல் மக்கள் 1798ஆம் ஆண்டிலேயே, தம் ஏரிப் பறவைகளைச் சுடலாகாதென்று கலெக்டரிடம் உத்தரவு பெற்றனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்டிருந்தனர். அவர்கள் வழிவந்தவர் நாம். பிழைக்க வந்த மண்ணில் நாமும் விருந்தினரே. நம்மைப்போல் வந்திறங்கும் பறவைக்கு நம்மால் தீங்கு நேரலாகாது. இக்கார்த்திகையில் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வோம், கண்ணியோடன்று, கண்களோடு.