கண்டக்டர் இல்லாத கச்சேரி

தலைப்பைப் பார்த்ததும் நம்ம டவுன் பஸ் ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. மேல்நாட்டு சங்கீதத்திலும் ஒரு கண்டக்டர் உண்டு. கையில் சின்னக் குச்சியோடு எண்பது, நூறு பேருக்கு முன்னால் நின்று காற்றில் கோலம் போடுவாரே, அவர்தான். டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அவர் இல்லாமலே வாசிக்கும் ஒரு வகையும் அங்கே இருக்கிறது. அதற்கு 'சேம்பர் மியூசிக்' என்று பெயர். சேம்பர் என்றால் அறை. ஐரோப்பாவில் பிரபுக்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று பேர், நாலு பேர், மிஞ்சினால் எட்டுப் பேர் உட்கார்ந்து வாசித்ததால் வந்த பெயர். இதற்கென்றே சின்னச் சின்ன ஊர்களில் கோடைக்காலத்தில் விழா நடத்துகிறார்கள். அதில் ஒன்றைப் பற்றியும், அங்கே வாசிக்க வருகிறவர்களைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை. மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு இது எதுக்குன்னு கேட்காதீங்க. கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள், நம் ஒர்க்‌ஷாப் வரைக்கும் வந்து நிற்கிற விஷயம் இது.

முதலில் கண்டக்டர் ஏன் தேவை, ஏன் தேவையில்லை என்று பார்ப்போம். ஒலியின் வேகம் செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் இந்தக் கோடியில் இருப்பவருக்கும் அந்தக் கோடியில் இருப்பவருக்கும் 20 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வாசித்தது இங்கே வந்து சேர 59 மில்லி செகண்ட் ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு, ஒரு தட்டுக்கு நாலு ஸ்வரம் என்றால் ஒரு ஸ்வரத்துக்குக் கிடைப்பது 125 மில்லி செகண்ட். அதில் கிட்டத்தட்டப் பாதி வழியிலேயே போய்விட்டது! காதை நம்பி வாசித்தால் இழுபறிதான். அதனால்தான் எல்லாரும் ஒரு குச்சியைப் பார்க்கிறார்கள். ஒளிக்கு அந்தப் பிரச்சினை கிடையாது.

நாலு பேர் அரைவட்டமாக நெருங்கி உட்கார்ந்தால் இடைவெளி 2 மீட்டர்தான். தாமதம் 6 மில்லி செகண்ட். அது காதுக்குத் தெரியாது. ஆகவே குச்சி வேண்டாம். முதல் வயலின்காரர் ஒரு மூச்சு இழுப்பார், வில்லைக் கொஞ்சம் தூக்குவார், நாலு பேரும் ஒன்றாக இறங்குவார்கள். சில கேசட்டுகளில் அந்த 'ஸ்ஸ்' என்ற மூச்சுச் சத்தமே கேட்கும்.

ஆனால் இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரே பகுதியைப் பதினைந்து வயலின்கள் சேர்ந்து வாசிக்கும். ஒருவர் தடுமாறினால் கூட்டத்தில் மறைந்துபோகும். சேம்பரில் ஒரு பகுதிக்கு ஒரே ஆள். ஒளிய இடமில்லை. வேகம் எவ்வளவு, எங்கே மெதுவாக்குவது, யார் குரல் மேலே வர வேண்டும் என்று உத்தரவு போடவும் ஆளில்லை. பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். நாலு பேர் பேசி ஒரு முடிவுக்கு வருவது எவ்வளவு லேசு என்பது ஹாஸ்டல் மெஸ் கமிட்டியில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது ஊருக்கு வருவோம். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலம், மலைப்பாங்கான காட்டு நடுவே மார்ல்பரோ என்று ஒரு சின்ன ஊர். (சிகரெட் பேராச்சேன்னு சிரிக்காதீங்க, ஊர் பேரே அதுதான்!) இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் படிப்பதற்காக 1946-ல் அங்கே ஒரு பழைய பண்ணையில் கல்லூரி ஆரம்பித்தார்கள். பண்ணை வீடும் தொழுவமும்தான் கல்லூரிக் கட்டடங்களாக மாறின. கோடை விடுமுறையில் காலியாகக் கிடந்த அந்த இடத்தில் 1951-ல் இசை விழா தொடங்கியது. கல்லூரி 2020-ல் மூடப்பட்டுவிட்டது. விழா மட்டும் அதே குன்றின்மேல் தொடர்கிறது.

தொடங்கியவர்கள் எல்லாம் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் வயலின் மேதை அடால்ஃப் புஷ். ஜெர்மனியில் ஒரு தச்சுத் தொழிலாளியின் மகன். இவர் யூதர் அல்ல. ஆனாலும் 1933-ல் ஹிட்லர் ஆட்சி யூதர்களை ஒடுக்கத் தொடங்கியதும், இனி என் நாட்டில் வாசிக்க மாட்டேன் என்று உதறிவிட்டு வந்தவர். மற்றவர் பியானோ கலைஞர் ருடால்ஃப் செர்கின். யூதர், எட்டுப் பிள்ளைகளில் ஒருவர், வசதியில்லாத குடும்பம். 1920-ல் இந்த இருவரும் சந்தித்தபோது புஷ்ஷுக்கு வயது 29, ஐரோப்பா முழுக்கப் பெயர். செர்கினுக்கு வயது 17, நம்மைவிடச் சின்னப் பையன். அந்தப் பையனை சிஷ்யனாகக் கீழே உட்கார வைக்காமல், பக்கத்தில் உட்கார வைத்து மேடையில் ஜோடியாகவே சேர்த்துக்கொண்டார் புஷ். தன் வீட்டிலேயே தங்கவும் வைத்தார். பிற்பாடு செர்கின் அந்த வீட்டு மாப்பிள்ளையும் ஆனார். அது வேறு கதை!

மார்ல்பரோவின் வழக்கம் முழுவதும் இந்த ஒரு சம்பவத்தின் பெரிய வடிவம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு கோடையிலும் சுமார் எழுபது, எண்பது கலைஞர்கள் வந்து ஏழு வாரம் தங்குகிறார்கள். உலகப் புகழ் பெற்ற சீனியர்களும் இருபதுகளில் இருக்கும் இளையவர்களும் அதில் கலந்திருப்பார்கள். சீனியர் முன்னால் நின்று பாடம் நடத்தமாட்டார். மூன்று இளையவர்களோடு நாலாவது ஆளாகத் தன் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதே பகுதியை அவரும் சேர்ந்துதான் பழக வேண்டும். "இந்த இடம் சரியில்லை சார்" என்று இருபத்திரண்டு வயதுப் பையன் சொல்லலாம். அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒத்திகைக்குக் கெடுவும் கிடையாது. தேதி குறித்துவிட்டு அதற்காக அடித்துப் பிடித்துத் தயாராவது அங்கே இல்லை. நாள் கணக்கில், வாரக் கணக்கில் ஒரே படைப்பை உரசிப் பார்க்கிறார்கள். தயார் என்று தோன்றினால்தான் மேடை. அதனால் வார இறுதிக் கச்சேரியில் என்ன வாசிக்கப் போகிறார்கள் என்பது ஒரு வாரத்துக்கு முன்புதான் முடிவாகும். எடுத்துப் பழகியவற்றில் பெரும்பாலானவை மேடைக்கு வருவதே இல்லை. டிக்கெட் வாங்குகிறவர்கள் என்ன கேட்கப் போகிறோம் என்று தெரியாமலே வாங்குகிறார்கள். நம்ம ஊரில் இப்படி ஒரு நோட்டீஸ் அடித்தால் அடிக்கிறவனையே அடிப்பார்கள்.

இங்கேதான் எனக்கு நம் ஒர்க்‌ஷாப் ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். டிராஃப்டர் என்றால் என்ன, டிராயிங்கில் செக்‌ஷன் எப்படி வெட்டுவது என்று வீட்டில் கேட்க ஆளில்லை. அப்பாவுக்கு என் மார்க் ஷீட்டில் 'பாஸ்' என்று எங்கே போட்டிருக்கிறது என்பதையே நான்தான் காட்ட வேண்டும். என்னைப் போன்றவர்களுக்குத் தெரிந்த அண்ணன், அக்கா என்றால் சீனியர்கள்தான். அவர்களில் பலர் எப்படி நடந்துகொள்வார்கள் என்று எழுத வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு அண்ணன் பக்கத்து வைஸில் நின்று தானும் ஒரு எம்.எஸ். பிளேட்டை ராவிக்கொண்டே, "ஃபைலை முழு நீளத்துக்கும் தள்ளுடா, திரும்பி வரும்போது அழுத்தாதே" என்று சொன்னார். அரை மணி நேரத்தில் கை அதைப் பிடித்துக்கொண்டது. கரும்பலகையில் அதே விஷயம் ஒரு வாரமாக எழுதிக் கிடந்தது.

மார்ல்பரோவுக்கு வந்தவர்களில் எல்லாரையும்விட வயதில் மூத்தவர் செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ். ஸ்பெயினில் ஃபிராங்கோ ஆட்சியை ஏற்காமல் நாட்டைவிட்டு வெளியேறி வாழ்ந்தவர். 1960-ல் முதன்முதலாக அங்கே வந்தபோது வயது 83. கடைசியாக வந்தது 1973 கோடையில், 96 வயதில். அந்த அக்டோபரில் காலமானார். மேடையில் இளையவர்கள் நிறைந்த ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அவர் கண்டக்டராக நின்றார். (ஆமாம், தலைப்புக்கு விரோதம்தான். எந்த ரூலுக்கும் ஒரு விலக்கு உண்டே!) புல்லாங்குழலுக்கு பிரான்ஸிலிருந்து வந்த மார்செல் மொய்ஸ் இருந்தார். விழாவைத் தொடங்கியவர்களில் அவரும், அவர் மகன் லூயியும், மருமகள் பிளான்ச்சும் உண்டு. அடால்ஃப் புஷ் மட்டும் பாவம், 1952-லேயே இறந்துபோனார். அதற்குப் பிறகு 1991-ல் தான் இறக்கும் வரை செர்கின்தான் விழாவின் முதுகெலும்பு. 1999 முதல் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் ஜப்பானில் பிறந்த பியானோ கலைஞர் மிட்சுகோ உச்சிடா.

இவ்வளவு பெரிய மனிதர்கள் இரவுச் சாப்பாட்டில் என்ன செய்வார்கள் தெரியுமா? கைதுடைக்கும் காகிதத்தை உருண்டையாகச் சுருட்டி ஒருவர்மேல் ஒருவர் எறிவார்கள்! விருந்தாளி யாராக இருந்தாலும் தப்ப முடியாதாம். நம் மெஸ்ஸில் சப்பாத்தி உருண்டை பறந்தால் வார்டன் கூப்பிட்டு அனுப்புகிறார். என்ன நியாயம்!

அங்கே சேர்ந்து வாசித்த பழக்கத்தில் 1964-ல் நாலு பேர் நிரந்தரக் குழுவாகவே ஆகிவிட்டார்கள். குவார்னெரி குவார்டெட் என்று பெயர். ஸ்டைன்ஹார்ட், டாலி, ட்ரீ, சாயர். இளையவருக்கு 27, மூத்தவருக்கு 41. அதே நாலு பேர் 2001 வரை, அதாவது 37 வருடம் மாறவே இல்லை. அவர்களுக்குள் சண்டை வராதா? வரும். ஒத்திகையில் முகத்துக்கு நேரே குறை சொல்லிக்கொள்வார்களாம். அதைப் பின்னால் போய்ப் பேசாததால்தான் அத்தனை வருடம் ஓடியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

எல்லாம் பொன்னாகத் தெரிகிறது என்று நினைக்க வேண்டாம். அங்கே 'இளையவர்' என்றால் ஏற்கெனவே நன்றாக வாசிக்கத் தெரிந்து, தேர்வில் ஜெயித்து வந்தவர். சின்ன வயதிலேயே வயலின் வாங்கித் தர, மாஸ்டர் வைத்துச் சொல்லித்தர வசதியுள்ள வீடு வேண்டும். செர்கின் போல ஏழ்மையிலிருந்து வருகிறவர்கள் சிலர்தான். வாசலுக்கு வந்து சேர்ந்தவர்களை உள்ளே சமமாக உட்கார வைக்கிறார்கள், அது நிஜம். வாசல் வரை வருகிற வழி அங்கேயும் மேடு பள்ளம்தான்.

ஒவ்வொரு வருட விழாவையும் பீத்தோவனின் 'கோரல் ஃபேன்டசி'யோடு முடிப்பது அங்கே பழைய வழக்கம். பியானோ, ஆர்க்கெஸ்ட்ரா, கோரஸ் எல்லாம் சேர்ந்தது அது. 1808 டிசம்பரில் வியன்னாவில் முதன்முதலாக மேடையேறியபோது ஒத்திகை போதாமல் நடுவில் குழம்பி, பீத்தோவனே நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. மார்ல்பரோவில் அதன் கோரஸில் நிற்பவர்கள் எல்லாரும் தொழில்முறைப் பாடகர்கள் அல்ல. அன்று வாத்தியம் இல்லாத கலைஞர்கள், ஏழு வாரம் அங்கே வேலை பார்த்த ஊழியர்கள், அவர்கள் குடும்பத்தார் என்று எல்லாரும் ஏறி நின்று பாடுகிறார்கள்.