தெருவில் போகும் பாய்மரம்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பெரிய வீதியில் இப்படியொரு காட்சி உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். முன்னால் உழவு இயந்திரம். அதன் பெட்டியில் ஒரு சிறு தோணி. தோணிக்கு மேலே, பின்னால் பல அடி நீண்டு நிற்கும் மரம். அதற்கும் பின்னால் மோட்டார் சைக்கிளில் வாப்பா, உம்மா, நடுவில் பிள்ளை. இயந்திரம் சட்டென்று நின்றால் அந்த மரத்தின் நுனி யார் முகத்துக்கு நேரே இருக்கும்?

‘இது ஆண்களின் வேலை, நமக்கென்ன’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த மோட்டார் சைக்கிளில் போவது நாமும் நம் பிள்ளைகளும்தானே!

1950களின் பிற்பகுதியில் இலங்கை மீன்பிடியில் இயந்திரங்கள் புகுந்த பிறகு பாய் விரிக்கும் தோணிகள் அருகிவிட்டன. ஆனாலும் தோணியைத் தரைவழியே கொண்டுபோகும் தேவை போகவில்லை. வாடைக் காலத்தில் நம் கடல் கொந்தளிக்கும். பழுது பார்ப்பதற்கோ வேறு துறைக்கோ தோணியை ஏற்றத்தான் வேண்டும்.

ஏற்றும்போது பாய்மரத்தைக் கழற்றி நீளவாக்கில் கிடத்த வேண்டும். இரு நுனியில் மட்டும் தாங்கு கொடுத்தால் ஒவ்வொரு குழியிலும் நடுப்பகுதி துள்ளும். மரமென்றால் வெடிக்கும், அலுமினியமென்றால் வளையும். ஆகவே நடுவிலும் ஒரு தாங்கு வேண்டும். மூன்றிலும் பழைய சாரனையோ சாக்கையோ மடித்து வைக்கலாம். முன்பக்கம் அதிகம் நீட்டக் கூடாது. வளைவில் திரும்பும்போது அது ஓட்டுகிறவரின் தலைப்பக்கம் வரும்.

பலர் குறுக்கே மட்டும் கட்டிவிட்டு ‘இறுக்கமாக இருக்கிறது’ என்பார்கள். பிரேக் பிடித்தால் மரம் கட்டுக்குள்ளேயே முன்னோக்கி வழுக்கும். அடிப்பகுதியில் சுற்றிய கயிற்றை முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துக் கட்டினால்தான் அசையாது. தோணியைப் பெட்டியோடு தனியாகக் கட்ட வேண்டும். இல்லையேல் இரண்டும் சேர்ந்தே விழும். நைலோன் கயிறு நனைந்தால் இழுபடும். ஒரு மைல் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். தொங்கும் கயிறு, கம்பிகளை மரத்தோடு சேர்த்துச் சுற்றிக் கட்ட வேண்டும்.

நுனிக்குச் சிவப்புத் துணி கேட்டு வருவார்கள். வெளுத்துப்போன பழையதைக் கொடுக்காதீர்கள்! மஃரிபுக்குப் பின் துணி தெரியாது, விளக்குத்தான் வேண்டும்.

கரையில் இறக்கியதும் மரத்தை நிமிர்த்துவதற்கு முன் மேலே பார்க்க வேண்டும். 33,000 வோல்ற் மின்கம்பியைத் தொட வேண்டுமென்பதில்லை, கிட்டப் போனாலே மின்சாரம் பாயும். அலுமினியத்தில் மட்டுமல்ல, கடல்நீரில் ஊறிய மரத்திலும்தான். மரத்தைப் பிடித்துக்கொடுக்க ஓடிவரும் பிள்ளைகளை அந்நேரம் உங்கள் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.