சுவிட்ச் போர்டுக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளியா? அது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை!

டைல்ஸ் புதுசு, பெயின்ட் புதுசு, மாடுலர் சுவிட்சும் புதுசு. ஆனால் போர்டை மாட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி இருக்கிறது, இன்னொரு பக்கம் விரல் நகம் நுழையும் அளவுக்கு வாயைப் பிளந்து நிற்கிறது. பழைய ஃப்ளாட்டைப் புதுப்பிக்கும் பலர் கடைசி நாளில்தான் இதைக் கவனிக்கிறார்கள். கேட்டால், "ஒயிட் சிமென்ட் வெச்சு அடைச்சுடலாம் சார்" என்று பதில் வரும்.

அடைத்தால் இடைவெளி மறையும், அவ்வளவுதான். பின்னால் இருக்கும் சிக்கல் அப்படியே இருக்கும். கூடவே, அடுத்த முறை சுவிட்ச் மாற்ற ப்ளேட்டைக் கழற்றினால் சிமென்டும் பெயின்டும் சேர்ந்து பெயரும்.

ப்ளேட்டுக்குப் பின்னால் என்ன?

மாடுலர் போர்டில் மூன்று அடுக்குகள் உண்டு. சுவருக்குள் புதைந்திருக்கும் மெட்டல் பாக்ஸ், அதன் காதுகளில் ஸ்க்ரூ போட்டு மாட்டும் ஃப்ரேம், ஃப்ரேம் மேல் 'க்ளிக்' என்று உட்காரும் ப்ளேட். கண்ணுக்குத் தெரிகிற ப்ளேட் வெறும் மூடி. சுவிட்ச், சாக்கெட் எல்லாம் நிற்பது ஃப்ரேமில்தான். அந்த ஃப்ரேம் சுவரில் படிந்து, பாக்ஸோடு இறுக்கமாக இருக்க வேண்டும்.

பாக்ஸ் சுவர் மட்டத்தை விட உள்ளே போய்விட்டால் என்ன ஆகும்? ஸ்க்ரூவை முழுக்க இறுக்கினால் பிளாஸ்டிக் ஃப்ரேம் உள்பக்கமாக வளையும். 8, 12 மாடுல் போன்ற நீளமான போர்டுகளில் இது நன்றாகவே தெரியும். வளைந்த ஃப்ரேமில் ப்ளேட் மூலைகளில் கவ்வாது. சரி, வளையாமல் இருக்கட்டும் என்று லூஸாக விட்டால் போர்டு ஆடும்.

ஆபத்து அந்த ஆட்டத்தில்தான். ஒவ்வொரு முறை அயர்ன் பாக்ஸ் ப்ளக்கைப் பிடுங்கும்போதும் ஃப்ரேம் முன்னும் பின்னும் அசையும். பின்னால் உள்ள ஒயர் டெர்மினலில் இழுபடும். நாளடைவில் அந்த இணைப்பு தளரும். தளர்ந்த இணைப்பில் லோடு ஏறினால் சூடு. 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கிறது. சாக்கெட் ஓட்டை ஓரம் பழுப்பேறுவது, பிளாஸ்டிக் கருகும் வாடை எல்லாம் இதன் அடுத்த கட்டம். அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் சாக்கெட்டைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது தவிர வேறு வழியில்லை.

பாக்ஸ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கதை வேறு. ஃப்ரேம் சுவரில் படாமல் பாக்ஸ் விளிம்பில் நிற்கும், சுற்றிலும் இடைவெளி இருக்கும். எறும்பு, பல்லிக்கு அது வாசல். சமையலறை சிங்க் பக்கத்தில் என்றால் தண்ணீருக்கும்தான்.

அந்த ஒரு சென்டிமீட்டர் யார் பொறுப்பு?

முதலில் எலக்ட்ரீஷியன் வந்து சுவரை வெட்டி பாக்ஸ் வைக்கிறார். பிறகு கொத்தனார் பூசுகிறார். அதன் மேல் டைல்ஸ் ஒட்டுகிறவர், கடைசியாகப் பட்டி பார்க்கும் பெயின்டர். பாக்ஸ் வைக்கும் நாளில், சுவர் கடைசியாக எந்த மட்டத்தில் வந்து நிற்கும் என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. உட்சுவர் பூச்சு மட்டுமே வழக்கமாக 12 மி.மீ. இருக்கும். பழைய டைல்ஸை உடைக்காமல் மேலேயே புதுசு ஒட்டினால், டைல் கனமும் பசையும் சேர்ந்து சுவர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் முன்னே வந்துவிடும். பாக்ஸ் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும்.

பழைய வீடுகளில் இன்னொரு சிக்கல். மரப்பெட்டியில் ஹைலம் ஷீட் போட்டு மாட்டிய போர்டைப் பெயர்த்தால், சுவரில் கிடைக்கும் பள்ளம் புது பாக்ஸை விடப் பெரிது. சுற்றிலும் செங்கல் துண்டும் கலவையும் சரியாக அடைக்காவிட்டால் பாக்ஸே ஆடும். பாக்ஸ் ஆடினால் மேலே எதை மாட்டினாலும் வீண்.

நாலரை அங்குல சுவர் என்றால் கவனம் இன்னும் தேவை. சுமார் 115 மி.மீ. கனமுள்ள அந்தச் சுவரில், 50 மி.மீ. ஆழ பாக்ஸ்கள் இரண்டு அறைப் பக்கமும் ஒரே இடத்தில் வந்தால், நடுவில் மிஞ்சுவது 15 மி.மீ. மட்டும். சுவர் உடைந்துவிடுமோ என்று பயந்து பள்ளத்தைக் குறைப்பார்கள், பாக்ஸ் துருத்தும். இரண்டையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைப்பதே சரி.

சில நேரம் பாக்ஸில் தப்பே இருக்காது. உள்ளே திணித்த ஒயர்தான் ஃப்ரேமை வெளியே தள்ளும். ஏ.சி.க்கான 4 சதுர மி.மீ. ஒயர், ஃபேன் ரெகுலேட்டர், இப்போது புதிதாக ஸ்மார்ட் சுவிட்ச் மாடுல் என்று பாக்ஸுக்குள் நெரிசல் கூடிவிட்டது. ஸ்க்ரூவை இறுக்கி ஒயரை நசுக்குவது தீர்வல்ல. பெரிய பாக்ஸ்தான் தீர்வு.

எப்படிச் சரிசெய்வது?

மெயின் ஆஃப், டெஸ்டரில் சோதனை. அதற்குப் பிறகே ப்ளேட்டில் கை வைக்க வேண்டும். ப்ளேட்டைக் கழற்றிவிட்டு ஒரு ஸ்கேலை பாக்ஸ் மேல் குறுக்கே வைத்துப் பார்த்தால் பாக்ஸ் உள்ளே இருக்கிறதா, நீட்டுகிறதா, சாய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கொஞ்சம் உள்ளே போயிருந்தால் நீளமான ஸ்க்ரூ போட்டு, பாக்ஸ் காதுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் வாஷரோ, அளவாக வெட்டிய சிறு பிளாஸ்டிக் குழாய்த் துண்டோ கொடுக்கலாம். இப்போது இறுக்கினாலும் ஃப்ரேம் வளையாது. ஒரே ஸ்க்ரூவை முழுக்க முறுக்காமல் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். எவ்வளவு உள்ளே என்றால் 'கொஞ்சம்'? அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பில் இதற்கு அளவே உண்டு. பூச்சு, டைல்ஸ் போன்ற தீப்பிடிக்காத சுவரில் பாக்ஸ் 6 மி.மீ.க்கு மேல் உள்ளே போகக் கூடாது. மரம் போன்ற தீப்பிடிக்கும் பரப்பில் ஒரு மி.மீ. கூட விட்டுக்கொடுப்பதில்லை, பாக்ஸ் அதன் மட்டத்துக்கே வந்திருக்க வேண்டும்.

நம்மூரில் டி.வி. யூனிட்டுக்காக ப்ளைவுட் பேனல் அடிக்கிறவர்கள் இதைக் கவனிக்கணும். சுவரில் இருக்கும் பாக்ஸை அப்படியே விட்டுவிட்டு, பேனலில் ஓட்டை போட்டு ப்ளேட்டை மட்டும் முன்னுக்குக் கொண்டுவந்தால், பாக்ஸுக்கும் ப்ளேட்டுக்கும் நடுவே வெறும் ப்ளைவுட் விளிம்பு. உள்ளே பொறி பறந்தால் தடுக்க மெட்டல் கிடையாது. பேனல் மட்டத்துக்கே பாக்ஸை மாற்றி வைக்க வேண்டும். கார்பென்டர் இதைத் தானாகச் செய்ய மாட்டார்.

பாக்ஸ் நீட்டிக்கொண்டிருந்தாலோ நன்றாகச் சாய்ந்திருந்தாலோ குறுக்குவழி இல்லை. பெயர்த்தெடுத்து, பள்ளத்தை ஆழமாக்கி, ரசமட்டம் வைத்துத் திரும்பப் பதிக்க வேண்டும். ஒயர் இருக்கும்போதே பாக்ஸ் விளிம்பை கிரைண்டரில் அறுப்பது மிக மோசமான யோசனை. ஃப்ரேமில் ஸ்க்ரூ துளை நீளவாக்கில் இருப்பது லேசான கோணலைச் சரிசெய்யத்தான், ஆழத்தை அல்ல. மெட்டல் பாக்ஸில் எர்த் ஒயர் இணைத்திருக்கிறதா என்பதையும் இந்தச் சாக்கில் பார்த்துவிடலாம்.

இதை வீட்டிலேயே செய்யலாமா? மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, இணைப்பின் திறனோ தன்மையோ மாறாதவரை சுவிட்ச் போன்றவற்றை மாற்றிக்கொள்ளலாம். அதைத் தாண்டிய வயரிங் மாற்றங்களை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். பாக்ஸைப் பெயர்ப்பதை எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது. வாடகை வீடு என்றால் சுவரையே வெட்டாமல் மேலே மாட்டும் சர்ஃபேஸ் பாக்ஸ் போதும். பார்க்க அவ்வளவு அழகில்லை, ஆனால் அட்வான்ஸில் பிடிக்க மாட்டார்கள்.

இனிமேல்தான் வேலை ஆரம்பிக்கப் போகிறது என்றால், பாக்ஸ் வைக்கும் நாளில் எலக்ட்ரீஷியன் கையில் நீங்கள் வாங்கிய டைலில் ஒரு துண்டைக் கொடுங்கள். அதன் கனத்தோடு பசை, பூச்சு எவ்வளவு வரும் என்று கொத்தனாரிடம் அங்கேயே கேட்டுவிட்டு பாக்ஸை அவ்வளவு முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். பதித்ததும் உள்ளே பேப்பரைத் திணித்து, காதுகளின் மேல் டேப் ஒட்டிவிடணும். இல்லாவிட்டால் பூச்சு வேலையின்போது ஸ்க்ரூ துளைகளில் சிமென்ட் இறுகி, கடைசி நாளில் ஸ்க்ரூ பாதியிலேயே நின்றுவிடும்.