எனாமல் பயிலரங்குகள்: பங்கேற்போர் அறிய வேண்டிய ஆபத்துகளும் தீர்வுகளும்

எனாமல் எனப்படுவது, உலோக ஆக்சைடுகளால் நிறமேற்றிய கண்ணாடியைப் பொடியாக்கி, செம்பு, வெள்ளி அல்லது பொன் தகட்டின்மேல் பரப்பி, ஏறத்தாழ 750 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் உருக்கி, உலோகத்தோடு ஒன்றச் செய்யும் கலையாகும். மீனாகாரி என்ற பெயரில் ஜெய்ப்பூரிலும் வாரணாசியிலும் தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்ட இக்கலை, கெம்புக்கல் பதிப்பையும் சித்திர வேலையையும் முதன்மையாகக் கொண்ட தமிழகப் பத்தர் பட்டறைகளில் அவ்வளவாக வேரூன்றவில்லை. ஆகவே தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் போன்ற தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் ஒருவர் எனாமல் கற்க விரும்பினால், பட்டறையில் பல ஆண்டுகள் கூடவே இருந்து பழகும் வாய்ப்பு அவருக்கு அரிதாகவே அமையும்; கட்டணம் செலுத்திச் சேரும் ஓரிரு நாள் பயிலரங்கே அவருக்குக் கிடைக்கும் வழியாகும். பரம்பரைக் கைவினைஞர் பழக்கத்தால் அறிந்துகொண்ட எச்சரிக்கைகள் இத்தகைய குறுகிய வகுப்பில் விடுபட்டுப்போவதற்கு இடமிருப்பதால், அவற்றைப் பங்கேற்பவரே முன்கூட்டி அறிந்திருப்பதும், அவர் சார்பாகச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருப்பதும் இன்றியமையாதவை.

தீக்காயம் எல்லோரும் எதிர்பார்க்கும் ஆபத்து என்பதால், அதற்கான கையுறையும் நீண்ட இடுக்கியும் பெரும்பாலும் தரப்பட்டுவிடுகின்றன. எதிர்பாராத ஆபத்து தூளில் இருக்கிறது. எனாமல் கண்ணாடி குறைந்த வெப்பத்திலேயே உருகவும், மேற்பரப்பு பளபளக்கவும் அதில் ஈய ஆக்சைடு சேர்ப்பது நெடுங்கால வழக்கம். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்கள் சிலவற்றுக்குக் காட்மியம் சேர்மங்கள் பயன்படுகின்றன. ஈயம் சேராத எனாமலும் இன்று விற்பனையில் உள்ளது. ஆனால் இரு வகைத் தூளையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது என்பதும், பெரிய பொட்டலத்திலிருந்து சிறு டப்பாக்களுக்கு மாற்றும்போது உற்பத்தியாளரின் சீட்டு தொலைந்துவிடுகிறது என்பதுமே சிக்கல். காட்மியத்தின் கேடு தமிழக வாசகர்களுக்குப் புதிதன்று. நகைக்கடைகளில் ஒருகாலத்தில் தரத்தின் அடையாளமாகவே சொல்லப்பட்ட கேடிஎம் நகைகளில் பற்றவைக்கப் பயன்பட்ட பொடி காட்மியம் கலந்தது. ஊதும்போது எழும் அதன் புகை பொற்கொல்லரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்ததால்தான் அம்முறை கைவிடப்பட்டது.

வகுப்பில் தூள் எப்படிப் பரவுகிறது என்பதை ஒரு சிறு வேலையைக் கவனித்தாலே விளங்கும். தொடக்க நிலையினருக்குப் பெரும்பாலும் தூவல் முறையே கற்பிக்கப்படுகிறது. கழுவி உலர்த்திய செம்பு வட்டின்மேல் பசைநீர் தடவி, சிறு சல்லடையில் தூளை எடுத்து, விரலால் மெல்லத் தட்டித் தட்டித் தூவுகிறார்கள். கனமான துகள்கள் வட்டில் படிய, நுண்ணியவை விரலிடுக்கிலும், மேசை விளிம்பிலும், பக்கத்தில் வைத்த தேநீர்க் குவளையிலும் சென்று சேர்கின்றன. சித்திரை வைகாசி வெயிலுக்கு அஞ்சிச் சன்னல்களை மூடிக் குளிர்சாதனத்தை இயக்கினால் அதே காற்று அறைக்குள்ளேயே சுழல்கிறது; மின்விசிறியைப் போட்டாலோ படிந்த தூளும் மேலெழுகிறது. தூளை நீரில் குழைத்துத் தூரிகையால் உலோகப் பள்ளங்களில் நிரப்பும் ஈர முறையில் இத்தொல்லை பெரிதும் குறைகிறது என்பதால், புதியவர்களுக்கு, குறிப்பாகச் சிறுவர்களுக்கு, அம்முறையையே முதலில் கற்பிப்பது முறையாகும். எனாமல் என்பது படிகமாகாத கண்ணாடி ஆதலால், கல் உடைக்கும் தொழிலில் வருவதுபோன்ற சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரும் வாய்ப்பு இதில் குறைவு. ஈயத்துக்கு அந்த ஆறுதலும் இல்லை. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என ஒன்று அறியப்படவில்லை என்றும், உட்கொள்ளும் ஈயத்தைக் குழந்தைகளின் உடல் பெரியவர்களினும் நான்கைந்து மடங்கு கூடுதலாக ஏற்றுக்கொள்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கருவுற்ற பெண்களும் சிறுவர்களும் ஈயம் உள்ள எனாமல் பயன்படும் அறையில் இருக்கவே கூடாது. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் 2016-ஆம் ஆண்டு விதிகள் இந்தக் கண்ணாடித் தூளுக்கானவை அல்ல ஆகையால், அவற்றை நம்பி ஒருவர் அமைதி கொள்ள இயலாது.

அடுத்த ஆபத்து திராவகம். சூட்டில் கறுத்த செம்பைத் துலக்க நைட்ரிக் அமிலத்தைப் பயன்படுத்தும் பழக்கம் இன்னும் மறையவில்லை. அதிலிருந்து எழும் செம்பழுப்புப் புகையைச் சுவாசித்தவருக்கு அப்போது சிறிது இருமல் மட்டுமே தோன்றி, பல மணி நேரம் கழித்து, வீடு திரும்பிய பிறகு, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வரக்கூடும். இரவில் அவ்வாறு நேர்ந்தால் 108-ஐ அழைப்பதோடு, பகலில் எந்தப் புகையைச் சுவாசித்தோம் என்பதை மருத்துவரிடம் சொல்வது கட்டாயம். சொல்லாவிட்டால் அது சாதாரண ஆஸ்துமாவாகக் கருதப்படலாம். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் இல்லமே இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாகத் தாம்பரம் சானடோரியத்தில் இயங்கிவருவது இப்பகுதி மக்களுக்கு வாய்த்த நல்ல துணை. சிட்ரிக் அமிலம் போன்ற மென்மையான மாற்றுகள் எளிதில் கிடைக்கும்போது, பொழுதுபோக்கு வகுப்பில் நைட்ரிக் அமிலத்துக்கு இடமே இல்லை. செம்பு கரைந்த கழிவு நீரைச் சாக்கடையில் ஊற்றுவதும் அதைப் போன்றே தவறு. 1912-இல் நிறுவப்பட்ட குரோம் லெதர் நிறுவனத்தால் பெயர்பெற்ற குரோம்பேட்டையும், தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட பல்லாவரமும் அண்டையில் இருக்க, உலோகக் கழிவு மண்ணை என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. மாசு செய்பவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996-இல் தமிழகத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில்தான் நிலைநாட்டியது.

சிறு உலைக்குப் பதிலாக எரிவாயுச் சுடரால் சூடேற்றும் வகுப்புகளில் உருளையின் நிறத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 14.2 கிலோ சிவப்பு உருளை வீட்டுச் சமையலுக்கு மட்டும் உரியது. அதை வணிக வகுப்பில் பயன்படுத்துவது 2000-ஆம் ஆண்டின் எரிவாயு விநியோக ஆணைக்கு முரணானது என்பதோடு, விபத்து நேர்ந்தால் எண்ணெய் நிறுவனங்களின் காப்பீட்டைக் கோருவதும் தகராறுக்கு உள்ளாகும். வாயுக் கசிவைத் தெரிவிக்க வேண்டிய எண் 1906. சுட்ட இடத்தில் பற்பசை, மாவு, மை எதையும் பூசாமல், 20 நிமிடம் ஓடும் குழாய்நீரில் காட்டிய பின் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சட்டத்தின் நோக்கில், கட்டணம் பெற்று நடத்தும் பயிலரங்கு ஒரு சேவையாகும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அதற்கு முழுமையாகப் பொருந்தும். இச்சட்டம் தரும் உரிமைகளுள், வாங்கும் பொருளின் தரம், தூய்மை, வீரியம் ஆகியவற்றை அறியும் உரிமையே இங்கு மற்ற எல்லாவற்றுக்கும் முன்னிற்கிறது. பணம் கட்டும் முன்பே, பயன்படுத்தவுள்ள எனாமலின் பெயரையும், ஈயம் உள்ளதா என்பதையும், உற்பத்தியாளர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளையும் (ஒரு வேதிப்பொருளின் உட்கூறு, கேடு, முதலுதவி ஆகியவற்றைக் கூறும் ஆவணம் அது) எழுத்து மூலம் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் கேட்டுப் பெற்ற பதிலும் பின்னாளில் சான்றாகும். தெளிவான விடை தர மறுக்கும் வகுப்பில் சேராதிருப்பதே நலம். உலையில் சுட்ட எனாமல் என்று விளம்பரம் செய்துவிட்டு, உலையே இல்லாமல் நிறமேற்றிய பிசினை உறையவைத்துக் காட்டுவது, பிசின் வேலை தன்னளவில் அழகானதே என்றாலும், தவறான விளம்பரமாகும். அரசு ஏற்புப் பெற்ற சான்றிதழ் என்று கூறப்பட்டால், இந்திய ரத்தினம் மற்றும் நகைத் திறன் குழு போன்ற எந்த அமைப்பின் பாடத்திட்டத்தின்படி அது வழங்கப்படுகிறது என்று கேட்டுச் சரிபார்க்க வேண்டும். வகுப்பில் செய்த நகையை விற்க எண்ணுவோர், புவிசார் குறியீடு பெற்ற வாரணாசி குலாபி மீனாகாரி என்ற பெயரைத் தம் படைப்புக்குச் சூட்டக் கூடாது. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி அது தண்டனைக்குரியது.

பங்கேற்பவரிடம் எந்த விபத்துக்கும் அமைப்பாளர் பொறுப்பல்லர் என்ற தாளில் கையொப்பம் வாங்கப்படுவதுண்டு. கையொப்பமிட்டதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அந்த எண்ணம் சரியன்று. நுகர்வோருக்கு இழப்போ காயமோ விளைவிக்கும் கவனக்குறைவையும் சேவைக் குறைபாடு என்றே சட்டம் வரையறுப்பதால், முகக்கவசம் தராததையும் காற்றோட்டம் இல்லாத அறையையும் அந்தத் தாள் நியாயப்படுத்திவிடாது. பணம் திருப்பித் தரப்படாது என்ற வாசகமும் இத்தகையதே: குறைபாடுள்ள சேவைக்கான தொகையை ரசீதில் கண்ட காலத்துக்குள்ளோ, காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள்ளோ திருப்பித் தர மறுப்பதும், ரசீதே தராதிருப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைகள். ஆனால் மனம் மாறி வகுப்புக்குப் போகாதவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. எச்சரிக்கைச் சீட்டு இல்லாமல் தூளை விற்ற கடைக்காரர்மீதும் உற்பத்தியாளர்மீதும் பொருட்பொறுப்பு என்ற தனிப் பிரிவின்கீழ் இழப்பீடு கோரலாம். பாதிக்கப்பட்டவர் சிறுவர் என்றால் பெற்றோர் முறையிடலாம். கட்டணமின்றி நடக்கும் செயல்விளக்கங்களுக்கு மட்டும் இச்சட்டம் பொருந்தாது.

முறையீட்டின் முதற்படி, நடந்ததையும் கோருவதையும் தேதியிட்டு எழுதி அமைப்பாளருக்கு அனுப்புவது. பயனில்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் உள்ளது. செலுத்திய தொகை 50 லட்சத்துக்குள் இருக்கும் வழக்குகள் அனைத்தும் அங்கேயே வரும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இன்றியும் இ-ஜாக்ரிதி தளம் வழியாகத் தாக்கல் செய்யலாம். 2021-இல் மாநகராட்சியான தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்க, சோழிங்கநல்லூர் வட்டமோ 2018-இல் சென்னை மாவட்டத்தில் சேர்க்கப்பட்டுவிட்டதால், புறநகர்வாசிகள் தம் முகவரி எந்த மாவட்டத்தில் அடங்கும் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வகுப்பு எங்கு நடந்திருந்தாலும், முறையிடுபவர் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்தின் ஆணையமே போதும் என்பது இச்சட்டத்தின் பெரும் சலுகை.

முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு எனினும், சான்றுகள் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. பொருளின் குறையை ஆய்வகத்தில் மட்டுமே கண்டறிய இயலும் என்றால் மாதிரியை அங்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு ஆகையால், வகுப்பில் தந்த தூளில் சிறிதளவை டப்பாவோடு மூடி முத்திரையிட்டு, பெற்ற தேதியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஈயத்தை நுகர்ந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அது தெரியாது என்பதால், ரத்தத்தில் ஈய அளவு காணும் சோதனையைப் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். ரத்தத்தில் உள்ள ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், அச்சோதனையை வகுப்பு முடிந்த சில வாரங்களுக்குள் செய்துகொள்ள வேண்டும்.