பிள்ளை வளருகிறதா, நின்றுவிட்டதா? பழைய ஸ்கேன் ரிப்போர்ட் இல்லாவிட்டால் கணக்கே தப்பு!

கருமத்தம்பட்டி நாலு ரோட்டில் முகூர்த்த நாளன்று நின்று பாருங்கள். அன்னூர் பக்கமிருந்தும், சோமனூர் பக்கமிருந்தும் வேன் வந்து நிற்கும். உள்ளே கை நிறைய வளையலோடு ஒரு கர்ப்பிணிப் பெண். கட்டுச்சோறு விருந்து முடிந்து அம்மா வீட்டுக்குப் போகிறாள்.

கொங்கு நாட்டில் ஏழாம் மாதமோ, ஒன்பதாம் மாதமோ இந்தப் பயணம் உண்டு. பலகாரம், பழம், புதுப் புடவை... எல்லாம் மறக்காமல் வேனில் ஏறிவிடும்.

மறந்து போவது ஒன்றுதான். மூன்றாம் மாதம் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்! அது புகுந்த வீட்டு பீரோவில், ரேஷன் கார்டுக்கு அடியில் கிடக்கும்.

"பழைய ரிப்போர்ட்டு எதுக்குங்க? அங்க போய் புதுசா எடுத்தாப் போச்சு" என்பார்கள். அங்கேதான் வம்பு.

எது சரியான தேதி?

11-வது வாரத்திலிருந்து 14-வது வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில், சிசுவின் உச்சந்தலையிலிருந்து புட்டம் வரை நீளம் அளப்பார்கள். அந்த நேரத்தில் எல்லாச் சிசுவும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். ஆகவே வயதை நன்றாகச் சொல்லிவிடலாம். தப்பினால் 5 நாள், 7 நாள் தப்பும்.

ஏழாம் மாதத்துக்கு மேல் அப்படி இல்லை. சில பிள்ளை குண்டு. சில பிள்ளை ஒல்லி. அளவை வைத்து வயதைச் சொன்னால் 3 வாரம்கூடத் தப்பும்.

ஆனால் மெஷின் சும்மா இருக்காது. ஒவ்வொரு தடவையும், "இது இத்தனை வாரத்துப் பிள்ளை, இன்ன தேதியில் பிரசவம்" என்று புதிதாக ஒரு தேதியை அடித்துத் தரும்.

ஒரு பெண்ணுக்கு முதல் ஸ்கேன் கணக்குப்படி இப்போது 36 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா ஊரில் எடுத்த ஸ்கேனில் அளவெல்லாம் 32 வாரத்துக்குத்தான் இருக்கிறது. பழைய ரிப்போர்ட் கையில் இல்லை. "நாள் கணக்க தப்பாச் சொல்லிப்போட்டாங்க கண்ணு. இன்னும் 2 மாசம் இருக்குது" என்கிறாள் தாய். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி!

பழைய ரிப்போர்ட் இருந்தால்? டாக்டர் அம்மா நிமிர்ந்து உட்காருவார். பிள்ளைக்கு வயது குறையவில்லை. வளர்த்தி குறைந்திருக்கிறது! உள்ளே சத்துக் கிடைக்காமல் தவிக்கிற பிள்ளையாக அது இருக்கலாம்.

அதே படம். அதே அளவு. ஒரு தாள் இல்லாததால் அர்த்தம் தலைகீழ்.

முதல் ஸ்கேனில் முடிவான பிரசவத் தேதியைப் பிறகு வரும் ஸ்கேனை வைத்து மாற்றுவதில்லை. டாக்டர்கள் கடைப்பிடிக்கும் விதி இது. ரிப்போர்ட்டை மறந்து வந்தவர்கள் மாமியாருக்கு ஒரு போன் போடலாம். "ஏனுங்க அத்தை, பீரோவுல இருக்குதுங்களா? போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க" என்றால் வேலை முடிந்தது.

தராசு அல்ல, கணக்கு!

"குரோத் ஸ்கேன்" என்கிறார்களே, அதில் முக்கியமாக நாலு அளவு எடுக்கிறார்கள். தலையின் அகலம், தலைச் சுற்று, வயிற்றுச் சுற்று, தொடை எலும்பின் நீளம். இவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டு மெஷின் எடையைச் சொல்கிறது. பிள்ளையைத் தராசில் வைத்து நிறுத்த எடை அல்ல. 10 முதல் 15 சதவீதம் கூடவோ, குறையவோ செய்யலாம். 2,500 கிராம் என்று அச்சடித்திருந்தால், நிஜ எடை 2,200-ம் இருக்கலாம், 2,800-ம் இருக்கலாம்.

நாலில் பெரிய சாட்சி வயிற்றுச் சுற்றுதான். நஞ்சுக்கொடி வழியாகச் சத்து ஒழுங்காக வந்தால், பிள்ளை ஒரு பங்கை ஈரலில் சேர்த்து வைக்கும். வரத்து குறைந்தால் சேமிப்பு கரையும். ஈரல் சிறுக்கும். வயிறு ஒட்டும். வருகிற கொஞ்ச ரத்தத்தையும் மூளைக்குத் திருப்பிவிடும் பிள்ளை! அதனால் தலை வளர்ந்துகொண்டே இருக்க, வயிறு மட்டும் பின்தங்கும். பிறப்பதற்கு முன்பே என்ன பொறுப்பு பாருங்கள்!

இந்த வயிற்றை அளப்பதில்தான் கைப்பழக்கம் வேண்டும். குறுக்குவெட்டு வட்டமாக விழ வேண்டும். இரைப்பை கறுப்புக் குமிழாகத் தெரிய வேண்டும். சிறுநீரகம் தெரியக்கூடாது. தெரிந்தால் இடம் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். கருவியை அழுத்திப் பிடித்தால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். பிள்ளை புரண்டால் மறுபடி முதலிலிருந்து. "ஏனுங்க, இத்தன நேரம்?" என்று வெளியே முணுமுணுக்கும் கணவன்மார் கொஞ்சம் பொறுக்கவும்.

தறி ஓடுகிறதா?

விசைத்தறி ஊருக்கு ஒரு விஷயம் சொல்லித்தர வேண்டியதில்லை. தறியில் எத்தனை மீட்டர் துணி இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை பார்த்தால், தறி ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று தெரியுமா? கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

பிள்ளையும் அப்படித்தான். ஒரு ஸ்கேன் அளவைச் சொல்லும். இரண்டு ஸ்கேன்தான் வளர்ச்சியைச் சொல்லும். நடுவில் 3 அல்லது 4 வாரம் இடைவெளி வேண்டும். 2 வாரத்துக்குள் மறுபடி அளந்தால், அளப்பதில் வரும் தப்பே வளர்ச்சியை விழுங்கிவிடும். நேற்று ஒரு சென்டர், இன்று ஒரு சென்டர் என்று ஏறி இறங்கி எடையை ஒப்பிடுவது காசுக்குத்தான் கேடு.

சின்னப் பிள்ளை எல்லாம் நோஞ்சான் அல்ல. அப்பா, அம்மா சிறுத்த உடம்பு என்றால் பிள்ளையும் அப்படியே இருக்கலாம். ஒரே வயதுப் பிள்ளைகள் 100 பேரை அளவுப்படி நிறுத்தினால், கடைசி 10 பேருக்குள் வருவதைச் 'சிறியது' என்கிறார்கள். கடைசி 3 பேருக்குள் என்றால் கவலை அதிகம்.

எது பரம்பரை, எது பட்டினி என்று பிரித்துப் பார்க்க உதவுவது 'டாப்ளர்'. தொப்புள்கொடியில் ரத்தம் ஓடும் விதத்தை அது காட்டும். இரண்டு இதயத் துடிப்புக்கு நடுவிலும் ரத்தம் முன்னோக்கி ஓட வேண்டும். நடுவில் நின்றுபோனால் ஆபத்து. பின்பக்கம் திரும்பினால் பேராபத்து. பிரசவத்தை எப்போது வைத்துக்கொள்வது என்ற முடிவில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. கூடவே பனிக்குட நீரையும் அளப்பார்கள். ஆழமான இடத்தில் 2 செ.மீ.க்கு மேல், 8 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

பவுண்டரி மெஷின்!

இந்த மெஷின் வந்த கதை கோவைக்காரர்களுக்குப் பிடிக்கும். வார்ப்பு இரும்பில் உள்விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலை விட்டுப் பார்ப்பார்களே, அதே வித்தைதான்!

ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு டாக்டர் இயான் டொனால்டு, 1955-ல் ஒரு பாய்லர் கம்பெனிக்குப் போனார். ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் கொண்டுபோய், அங்கே உலோகத்தைச் சோதிக்கும் கருவியில் வைத்துப் பார்த்தார். கட்டிக்குக் கட்டி எதிரொலி மாறியது. 1958-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் அவர் குழுவின் கட்டுரை வந்தது. அதன் பிறகுதான் வயிற்றுப் பிள்ளையைப் படம் பிடிக்கும் காலம் பிறந்தது.

யாருக்கு வேண்டும்?

மாதாமாதம் எல்லோருக்கும் வேண்டியதில்லை. 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் அவசியம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் சொன்னது. அதற்கு மேல், பி.பி., சர்க்கரை, ரெட்டைப் பிள்ளை, முன்பு எடை குறைந்து பிறந்தது என்று காரணம் இருந்தால் டாக்டர் எழுதுவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் டேப் வைத்து வயிற்றை அளக்கிறாரே, அதை லேசாக நினைக்காதீர்கள். 30 வாரத்தில் ஏறக்குறைய 30 செ.மீ. இருக்க வேண்டும். நன்றாகக் குறைந்தால் ஸ்கேனுக்கு அனுப்புவார்.

மெஷினில் உள்ள பிரபல சூத்திரம், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து டாக்டர் ஹாட்லக் 1980-களில் போட்டது. அந்த ஊர்ப் பிள்ளைகளை அளந்து போட்ட கணக்கு! சென்னை ஐ.ஐ.டி.யும், பரீதாபாத்தில் உள்ள மத்திய அரசின் டி.எச்.எஸ்.டி.ஐ. ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து 'கர்பிணி-ஜி.ஏ.2' என்ற கணக்கை 2024-ல் வெளியிட்டன. குருகிராம் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களின் ஸ்கேனை வைத்துச் செய்தது. பிந்திய மாதங்களில் வயதைச் சொல்வதில் ஹாட்லக் கணக்கைவிடத் தப்பு வெகுவாகக் குறைகிறதாம். முதல் ஸ்கேனே எடுக்காத பெண்களுக்கு இப்படி ஒரு கணக்கு கைகொடுக்கும்.

"ஆணுங்களா, பொண்ணுங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். 1994-ம் ஆண்டு சட்டப்படி, சொல்கிறவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம்.

ஸ்கேன் நன்றாக இருந்தது என்பதற்காகப் பிள்ளையின் அசைவைக் கவனிக்காமல் விடக்கூடாது. வழக்கமான துள்ளல் குறைந்தால், நாளை மறுநாள் ஸ்கேன் இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். ராத்திரி என்றாலும் 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அந்த ரிப்போர்ட்டும் பையில் இருக்கட்டும்.