கூலிங் கிளாஸும் பிளாஸ்டிக் ஸ்கேலும்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர், தன் மகள் எடுத்த புகைப்படத்தை அனுப்பியிருக்கிறார். லேப்டாப் திரைக்கு முன்னால் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்த பாகைமானி. மொபைல் கேமராவை அப்பாவின் கூலிங் கிளாஸால் மூடிக்கொண்டு ‘க்ளிக்’ செய்திருக்கிறாள். பின்னணி கும்மிருட்டு. நிறமே இல்லாத பாகைமானியோ மஞ்சள், கத்தரிப்பூ, நீலம் என்று வரிவரியாக மின்னுகிறது. கூடவே ஒரு கேள்வி: “இதைச் சொல்லிக்கொடுத்த ரீல்ஸில், பிளாஸ்டிக்குக்குள் இருக்கிற ஸ்ட்ரெஸ்தான் இப்படித் தெரிகிறது என்கிறார்கள். நிறம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு மட்டமான பிளாஸ்டிக்காம். உண்மையா?”

படம் உண்மை. ஸ்ட்ரெஸ் பாதி உண்மை. மட்டம் என்பது ரீல்ஸ்காரரின் சொந்தச் சரக்கு.

முதலில் எடுக்கும் முறை. எல்.சி.டி. திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே தளவிளைவுற்றது. ஒரே தளத்தில்தான் அதிர்கிறது. திரை வேலை செய்வதே அப்படித்தான் என்பதால் இதற்குத் தனியாகச் செலவில்லை. வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வெளிச்சத்தை முழுதாக வைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கு முன்னால் போலராய்டு கூலிங் கிளாஸைப் பிடித்துச் சுழற்றினால் ஒரு கோணத்தில் திரை கறுத்துப்போகும். எவ்வளவு சுழற்றியும் கறுக்கவில்லையென்றால், ‘போலரைஸ்டு’ என்று ஸ்டிக்கர் ஒட்டி உங்களிடம் சாதாரணக் கறுப்புக் கண்ணாடியை விற்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்தக் கட்டுரையால் அந்த ஒரு லாபமாவது மிஞ்சட்டும்.

டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களிடம் சி.பி.எல். ஃபில்டர் இருக்கும். அதை லென்ஸில் மாட்டியபடிதான் பயன்படுத்த வேண்டும். கையில் திருப்பிப் பிடித்தால், அதாவது மரை உள்ள பக்கம் திரையைப் பார்த்திருந்தால், எந்தக் கோணத்திலும் இருட்டாகாது. அறை விளக்கை அணைத்துவிடுங்கள். பிளாஸ்டிக்கின் மேல் விழுந்து திரும்பும் வெளிச்சம் நிறங்களை வெளுக்கவைக்கும். பொருளைத் திரையோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் திரையின் புள்ளிகள் ஃபோகஸை விட்டு விலகிவிடும். மொபைலை ஆட்டோவில் விட்டால் இருட்டைக் கண்டு பதறி எல்லாவற்றையும் வெளிச்சமாக்கும், கத்தரிப்பூ நிறத்தை ‘தவறு’ என்று நினைத்துத் திருத்தவும் பார்க்கும். புரோ மோடில் எக்ஸ்போஷரையும் வைட் பேலன்ஸையும் பூட்டிவிடுவது நல்லது.

இனி எனக்குப் பிடித்த இடம். நிறம் எங்கிருந்து வருகிறது?

பிளாஸ்டிக் என்பது நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். அவை தாறுமாறாகச் சுருண்டு கிடந்தால் ஒளிக்கு எல்லாத் திசையும் ஒன்றே. ஒரே பக்கமாக இழுபட்டு நின்றால், சங்கிலியின் திசையில் அதிரும் ஒளிக்கு ஒரு வேகம், குறுக்கே அதிரும் ஒளிக்கு வேறொரு வேகம். சங்கிலிகளுக்குச் சாய்வாக அதிர்ந்தபடி பாகைமானிக்குள் நுழையும் ஒளி இந்த இரண்டாகப் பிரிந்து நடக்கிறது. ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று வரப்பிலும் மற்றது சேற்றிலும் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வயலைக் கடந்து வெளியே வரும்போது சேற்று மாடு கொஞ்சம் பின்தங்கியிருக்கும்.

வெளியே ஒரு சுங்கச்சாவடி. அங்கே நிற்பவர் நம் கூலிங் கிளாஸ்தான். விசித்திரமான ஆள். இரண்டு மாடும் புறப்பட்டபோது இருந்ததுபோலவே கால் மாறாமல் சேர்ந்து வந்தால் விடமாட்டார். ஒன்று அரை எட்டு பின்தங்கி வந்தால் தாராளமாகத் திறந்துவிடுவார். சரியாக ஒரு முழு எட்டு பின்தங்கியிருந்தால்? கால்கள் மறுபடியும் சேர்ந்துவிடுகின்றன. அவருக்கு வித்தியாசம் தெரியாது. கதவு மூடித்தான் இருக்கும். இப்போது வெள்ளை ஒளியைக் கவனியுங்கள். அதில் பல நிற மாட்டு ஜோடிகள். சிவப்பு ஜோடிக்கு எட்டு நீளம், 650 நானோமீட்டர். பச்சைக்கு 550. நீலத்துக்கு 450. சேறு எல்லா ஜோடியையும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் பின்னுக்கு இழுக்கிறது. அந்தத் தூரம் 550 நானோமீட்டர் என்றால் பச்சைக்கு அது மிகச்சரியாக ஒரு முழு எட்டு, பச்சை மாட்டிக்கொள்கிறது. சிவப்புக்கு ஒரு எட்டு இன்னும் முடியவில்லை, நீலத்துக்கு ஒன்றைத் தாண்டிவிட்டது. இரண்டிலும் ஓரளவு தப்பி வருகிறது. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் நமக்குக் கத்தரிப்பூ நிறம்.

இந்த மாடுகளைச் சாணி போடும்வரை ஓட்டிப் போகலாம்தான். ஆனால் உண்மையில் நடப்பது ஒரே ஒளிக்கற்றை, இரண்டு பிராணிகள் அல்ல. முடிவு மட்டும் அப்படியே நிற்கும்: படத்தில் தெரிவது சேர்த்த நிறம் அல்ல, கழித்தது போக மிச்சம். அதனால்தான் வானவில்லில் இடமே இல்லாத கத்தரிப்பூ நிறம் இங்கே பளிச்சென்று உட்கார்ந்திருக்கிறது. ‘பிளாஸ்டிக்கில் வானவில்’ என்று தலைப்புப் போடுகிறவர்கள் வானவில்லைப் பார்த்து நாளாகியிருக்க வேண்டும்.

பின்னடைவு கூடக்கூட நிறங்கள் ஒரு வரிசையில் மாறும். முதலில் கறுப்பு, பிறகு சாம்பல், வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கத்தரிப்பூ, நீலம், பச்சை. அதற்கும் மேலே போனால் ஒரே நேரத்தில் பல நிறங்கள் மாட்டிக்கொள்வதால் வெளிறிய ரோஸும் வெளிறிய பச்சையும் மாறிமாறி வரும். கடைசியில் எல்லாம் வெளுத்துவிடும். ஆகவே பளிச்சென்ற நிறம் உள்ள இடத்தில்தான் பின்னடைவு அதிகம் என்று நினைக்க வேண்டாம். ரோஸும் பச்சையும் மெல்லிய கோடுகளாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் இடம்தான் சங்கதி.

அந்த இடம் எது என்று தேடுவதுதான் இந்த விளையாட்டின் ருசி. ஸ்கேலின் விளிம்பில் எங்கேயாவது வெட்டிவிட்டதுபோல ஒரு சின்னத் தழும்பு இருக்கும். மோல்டிங் பட்டறையில் அதை ‘கேட்’ என்பார்கள். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் பாய்ந்த வாசல் அது. பாய்ச்சலில் சங்கிலிகள் நீட்டி இழுபடுகின்றன. மறுபடி சுருண்டுகொள்ள நேரம் கிடைப்பதற்குள் குளிர்ந்து, இழுத்த கோலத்திலேயே உறைந்துவிடுகின்றன. கோடுகள் அந்த வாசலைச் சுற்றி நெருங்கி, தூரம் போகப்போக அகல்கின்றன.

ரீல்ஸ்காரர் சறுக்குவது இங்கேதான். வார்த்து எடுத்த பிளாஸ்டிக்கில் நாம் பார்க்கும் நிறத்தில் பெரும்பங்கு, இப்படிச் சங்கிலிகள் ஒரு பக்கமாக நின்றுபோனதால் வருவது. பொருளுக்குள் இப்போது இழுத்துக்கொண்டிருக்கும் தகைவின், அதாவது ஸ்ட்ரெஸ்ஸின், பங்கு அதில் குறைவாகவே இருக்கலாம். அச்சில் வந்ததையும் கை கொடுக்கும் தகைவையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஸ்கேலைத் திரைக்கு முன்னால் பிடித்து மெல்ல வளையுங்கள். அசையாமல் நிற்கும் நிறம் அச்சில் பட்டது. வளைக்கும்போது நகர்ந்து, விட்டதும் பழைய இடத்துக்கே ஓடிவிடும் நிறம் உங்கள் கை கொடுக்கும் தகைவு. மட்டம், உசத்தி என்ற தீர்ப்புக்கு இதில் ஆதாரம் இல்லை. என்ன பிளாஸ்டிக், எவ்வளவு தடிமன், எப்படி வார்த்தார்கள் என்பதைப் பொறுத்து நிறம் மாறும். வார்ப்பு அக்ரிலிக் தகட்டிலிருந்து அறுத்த துண்டு ஏறக்குறைய ஒன்றுமே காட்டாது, பழைய சி.டி. பெட்டி தீபாவளி கொண்டாடும்.

வரலாற்றுக்கு ஒரு பத்தி ஒதுக்காவிட்டால் ஆசிரியர் கோபித்துக்கொள்வார். 1811இல் பிரான்சில் அராகோ மைக்காத் தகட்டில் இந்த நிறங்களைப் பார்த்தார். சில ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர், கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்த அதே ஆள், கண்ணாடியை அழுத்தினாலே இவை வரும் என்று காட்டினார். அதற்கெல்லாம் விலையுயர்ந்த படிகங்கள் வேண்டியிருந்தன. 1929இல் எட்வின் லேண்ட் போலராய்டு தாளுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த பிறகுதான் இது மலிவானது. பொறியாளர்கள் பிடித்துக்கொண்டார்கள்: பல்சக்கரத்தையோ பாலத்தையோ ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் வெட்டி, பாரம் ஏற்றி, கோடுகளை எண்ணுவது. பிரின்ஸ்டனில் ராபர்ட் மார்க் பிரெஞ்சுப் பேராலயங்களின் குறுக்குவெட்டை எபாக்சியில் செய்து, காற்றின் உந்தலுக்குப் பதிலாக எடைகளைத் தொங்கவிட்டு, சூடாக்கி ஆறவைத்தார். எடையை எடுத்த பிறகும் கோடுகள் உறைந்து நின்றன. ஸ்கேல் தயாரிப்பவர் அறியாமல் செய்வதை அவர் வேண்டுமென்றே செய்தார், அவ்வளவுதான். கணினி வந்ததும் பலர் இதைக் கைவிட்டாலும், சென்னை ஐ.ஐ.டி.யில் கே. ரமேஷ் போன்றவர்கள் அந்தக் கோடுகளை டிஜிட்டல் கேமராவைக் கொண்டு படிக்கும் முறைகளை வளர்த்தெடுத்தார்கள்.

கேமராவுக்குத் தீனி வேண்டுபவர்கள் செல்லோ டேப்பிடம் போகலாம். தயாரிக்கும்போதே இழுத்து நீட்டப்பட்டது என்பதால் ஒவ்வொரு அடுக்கும் ஒரு குறிப்பிட்ட பின்னடைவைத் தரும். கண்ணாடித் தகட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே திசையில், படிபோல ஒட்டிக்கொண்டே வாருங்கள். தகட்டைத் திரைக்குச் சற்றுச் சாய்வாகச் சுழற்றிப் பிடித்தால் படிக்கொரு நிறம். கடையில் வாங்கும் எந்த நிறச் சாயமும் இதில் இல்லை. ஃபில்டரைக் கால் சுற்றுத் திருப்பினால் ஒவ்வொரு நிறமும் தன் எதிர் நிறத்துக்குத் தாவும். கழிந்துபோன பங்கு இப்போது வெளியே வருகிறது. அடுத்ததுதான் என்னைக் கவிழ்த்த சோதனை. ஃபில்டரைப் பழைய நிலைக்கே திருப்பிவிட்டு, ஒரு துண்டின்மேல் இன்னொரு துண்டைச் செங்குத்தாக, கூட்டல் குறிபோல ஒட்டுங்கள். முதல் அடுக்கில் பின்தங்கியது இரண்டாவதில் முந்துகிறது, கணக்கு நேராகிறது. இரண்டு அடுக்கு டேப் இருக்கும் நடுச் சதுரம், டேப்பே ஒட்டாத இடம்போலக் கறுத்துவிடுகிறது.

பாகைமானி அலுத்துப்போனால் உங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் திரைக்கு முன்னால் பிடியுங்கள். ஃபிரேம் இறுக்கிக் கடிக்கும் ஓரங்களில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். ஃபிரேமில்லாத ரகமென்றால் திருகுத் துளையைச் சுற்றிப் பாருங்கள். லென்ஸில் விரிசல் விடுவது பெரும்பாலும் அங்கிருந்துதான். லென்ஸ் பொருத்தும் இடங்களில் இதைச் சோதிக்கவே இரண்டு போலராய்டு வைத்த ஒரு கருவி உண்டு. உங்கள் கண்ணாடிக் கடைக்காரரிடம் அது இல்லையென்றால், படத்தை மொபைலில் காட்டித் திருகைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லலாம்.